சி4 ஆடினால் மையத்தை விட்டுவிட்டதாக அர்த்தமா? இங்கிலீஷ் ஓப்பனிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுரங்கத்தில் வெள்ளை முதல் நகர்த்தலாக சி4 ஆடுவதுதான் இங்கிலீஷ் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறை. அதற்குள் போகுமுன் ஒரு சின்ன ஏற்பாடு. கட்டங்களைத் தமிழ் எழுத்திலேயே குறித்திருக்கிறேன். வெள்ளை ஆடுபவரின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று எட்டு வரிசைகள். வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை கிடைவரிசைகள். வெறுமனே 'சி4' என்றால் சிப்பாய் நகர்கிறது. 'குதிரை சி3' என்றால் குதிரை. முன்னால் உள்ள எண் எத்தனையாவது நகர்த்தல் என்பதைக் காட்டும். '1...இ5' என்று மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்த்தல். நகர்த்தல்களை மனசுக்குள்ளேயே பார்க்க வராதவர்கள் ஒரு பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நானும் பலகையை வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

பக்கவாட்டு ஓப்பனிங் என்று எதைச் சொல்கிறார்கள்?

முதல் நகர்த்தலில் இ4, டி4 என்று நடுச் சிப்பாயைத் தள்ளாமல், பக்கத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவதைத்தான். 1.சி4 இங்கிலீஷ், 1.குதிரை எஃப்3 ரேட்டி, 1.பி3 லார்சன், 1.எஃப்4 பேர்ட். 1.பி4-க்கு ஒராங்குட்டான் என்று பெயர். 1924 நியூயார்க் போட்டியின்போது டார்டகோவர் என்ற வீரர் அங்கிருந்த விலங்குக் காட்சிச்சாலைக்குப் போய் ஓர் ஒராங்குட்டானைப் பார்த்துவிட்டு வந்து, மரோட்சி என்ற வீரருக்கு எதிராக அந்த நகர்த்தலை ஆடினார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இங்கே பெரும்பாலும் 1.சி4 பற்றித்தான் பேசப்போகிறேன். அதிகம் ஆடப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான்.

'இங்கிலீஷ்' என்ற பெயர் எப்படி வந்தது?

1843-இல் பாரிஸில் பிரெஞ்சு வீரர் செயின்ட் அமான்டுடன் நடந்த நேருக்கு நேர் போட்டியில், இங்கிலாந்தின் ஹோவர்ட் ஸ்டான்டன் இதைப் பல முறை ஆடினார். ஆடியவரின் நாடே பெயராகிவிட்டது. ஆனால் அதை ஒட்டிய சிந்தனை முழுதாக வளர இன்னும் எண்பது வருடங்கள் பிடித்தன.

மையம்தான் முக்கியம் என்று சொல்லிக்கொடுத்தார்களே, 1.சி4 அதை விட்டுக்கொடுப்பது ஆகாதா?

இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். 1.சி4 மையத்தை விட்டுக்கொடுப்பதில்லை. மையத்தில் குடியேறாமல், முதலில் அதற்குக் காவல் போடுகிறது.

பலகையில் டி5 கட்டத்தின் மேல் விரலை வையுங்கள். சி4 சிப்பாய் அதைப் பார்க்கிறது. அடுத்து குதிரை சி3: இரண்டாவது கண். அப்புறம் ஜி3, பிஷப் ஜி2: மூலைவிட்டம் நெடுக மூன்றாவது கண். நாலு நகர்த்தலில் மூன்று காய்கள் ஒரே கட்டத்தைக் குறிவைக்கின்றன. அந்தக் கட்டத்தில் உங்கள் காய் ஒன்றுகூட இல்லை. எதிராளி தாக்குவதற்கும் அங்கே எதுவும் இல்லை. இங்கிலீஷ் ஓப்பனிங்கின் முக்கால்வாசிக் கதை இந்த டி5 கட்டத்தைப் பற்றியதுதான். கறுப்பு அங்கே சிப்பாயை வைத்தால் அதை மாற்றிக்கொள்ளலாமா, வைக்காவிட்டால் அங்கே நம் குதிரையை உட்கார வைக்கலாமா, இந்த இரண்டு கேள்விகளும்தான் ஆட்டம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

1920-களில் ரேட்டி, நிம்சோவிச் போன்ற வீரர்கள் முன்வைத்த வாதம் இதுவே: மையத்தில் சிப்பாய்களை நிறுத்தினால் பலம் கிடைக்கும், ஆனால் அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பும் கூடவே வரும். எதிராளி நிறுத்தட்டும், நாம் தூரத்திலிருந்து தாக்கலாம். அதே 1924 நியூயார்க் போட்டியில் ரேட்டி, உலக சாம்பியன் கபப்ளாங்காவை 1.குதிரை எஃப்3 ஆடி வென்றார். கபப்ளாங்காவுக்கு எட்டு ஆண்டுகளில் அது முதல் தோல்வி. அந்தப் போட்டியிலேயே யேட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ரேட்டி யானையை சி2-க்கு ஏற்றி, ராணியைக் கொண்டுபோய் ஏ1 மூலையில் வைத்தார். பார்க்க விளையாட்டாகத் தெரியும். ஆனால் பி2-ல் பிஷப், அதன் பின்னால் ஏ1-ல் ராணி, இரண்டும் ஒரே மூலைவிட்டத்தில் இ5-ஐப் பார்த்து நிற்கின்றன. பலகையின் மூலையில் இருந்தபடியே நடுக்கட்டத்துக்குக் குறி.

கறுப்பு 1...இ5 ஆடினால் அது தலைகீழ் சிசிலியன்தானே? ஒரு நகர்த்தல் கூடுதலாக இருக்கிற சிசிலியன் என்றால் வெள்ளைக்கு லாபம்தானே?

சிசிலியன் என்றால் வெள்ளையின் 1.இ4-க்குக் கறுப்பு 1...சி5 ஆடுவது. இங்கே நிறம் மாறியிருக்கிறது. தலைகீழ் சிசிலியன் என்பது சரி. லாபம் என்பது பாதிதான் சரி.

சிசிலியனில் கறுப்பு காத்திருந்து, எதிராளி என்ன செய்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ப அடிக்கிற பக்கம். காத்திருப்பவருக்கு ஒரு நகர்த்தலைக் கூடுதலாகக் கொடுத்தால், அவர் தன் திட்டத்தைக் கொஞ்சம் முன்னாடியே காட்ட வேண்டியதாகிறது. எதிராளியும் அதைப் பார்த்து ஜாக்கிரதையாக ஆடுவார்.

எடுத்துக்காட்டு: 1.சி4 இ5 2.குதிரை சி3 குதிரை எஃப்6 3.ஜி3 டி5 4.சி சிப்பாயால் டி5-ல் வெட்டு, குதிரையால் மறுவெட்டு, 5.பிஷப் ஜி2. இப்போது டி5 குதிரை மீது வெள்ளைக் குதிரையும் பிஷப்பும் பாய்ந்து நிற்கின்றன. கறுப்பு பொதுவாக அதை பி6-க்குப் பின்வாங்கும். சி3-ல் வெட்டினால் பி சிப்பாய் சி3-க்கு வந்து வெள்ளையின் மையம் கனத்துவிடும், பி வரிசையும் திறந்துவிடும்.

இது தலைகீழ் டிராகன். டிராகன் என்பது கறுப்பு தன் பிஷப்பை ஜி7-ல் வைத்து ஆடும் சிசிலியன் வகை. உண்மையான டிராகனில் வெள்ளை ராணி பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்துவது) போட்டு, எச் சிப்பாயை ஓட்டிக்கொண்டு ராஜாவின் மேல் பாய்வது வழக்கம். இங்கே அதே கனவைக் கறுப்பு கண்டால் ஒரு நகர்த்தல் பின்தங்கிப்போகும், சி வரிசையில் வெள்ளை முந்திவிடும். அதனால் கறுப்பு பிஷப் இ7, காஸ்லிங் என்று அடக்கமாக ஆடுகிறது. கூடுதல் நகர்த்தலின் மதிப்பு அங்கேதான் தெரிகிறது: அது வெள்ளைக்கு ஜெயத்தைக் கொடுப்பதில்லை, கறுப்பின் மிகக் கூர்மையான திட்டத்தை மட்டும் மேசையிலிருந்து எடுத்துவிடுகிறது.

குதிரையை டி5-ல் எப்போது இறக்குவது?

முதலில் சி6 கட்டத்தைப் பாருங்கள். அங்கே கறுப்பின் குதிரை நிற்கிறதா, சிப்பாய் நிற்கிறதா?

குதிரை நின்றால் அதன் பின்னால் சி7 சிப்பாய் மாட்டிக்கொண்டு நிற்கிறது. சி6 ஆடி உங்கள் குதிரையை விரட்ட முடியாது. தைரியமாக இறங்கலாம். சிப்பாய் நின்றால் டி5 உங்களுக்கு இல்லை. அப்போது கறுப்பு டி5 ஆடி மையத்தை நிரப்பப் பார்க்கும். நீங்கள் டி4 ஆடி உடனே மோதுவதுதான் நல்லது. 1.சி4 இ5 2.ஜி3 சி6 என்று வந்தால் 3.டி4 என்று பலர் ஆடுவது அதனால்தான். அங்கேயும் மனப்பாடமாக பிஷப் ஜி2, குதிரை சி3 என்று போனால், கறுப்புக்கு அழகான மையத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி.

இறங்கிய குதிரையைக் கறுப்பு வெட்டினால் எதனால் திருப்பி வெட்டுவது என்பது அடுத்த கேள்வி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் நிறையப் பேர் யோசிக்காமலே ஆடுகிற இடம் இது.

சி சிப்பாயால் வெட்டினால், அது டி5-க்கு வந்து சி6 குதிரையைத் தாக்குகிறது. குதிரை நகர வேண்டும், பெரும்பாலும் இ7-க்கு. இப்போது வெள்ளையின் சி வரிசையில் சிப்பாய் இல்லை. எதிரே சி7-ல் ஒரு கறுப்புச் சிப்பாய், பக்கத்தில் டி6-ல் இன்னொன்று. சி7 சிப்பாய் ஓரடி வைத்தாலும் ஈரடி வைத்தாலும் டி5 சிப்பாய் அதை வெட்டலாம். அப்படி வெட்டு நடந்த பிறகு டி6 ஆதரவில்லாமல் நிற்கும். வைக்காவிட்டால் சி7 அங்கேயே கிடக்கும். யானை சி1, ராணி பி3 என்று அதை நிதானமாக அமுக்கலாம். இது ஆட்டத்தின் கடைசிவரை நீடிக்கிற சாதகம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. டி5-ல் நிற்கும் உங்கள் சிப்பாய் உங்கள் ஜி2 பிஷப்பின் பாதையையே அடைத்துவிட்டது. இந்த ஓப்பனிங்கின் சிறந்த காய் எது என்று கேட்டால் அந்தப் பிஷப்பைத்தான் காட்டுவோம். அதைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டோம். சி வரிசையில் உண்மையாகவே அமுக்கம் வரப்போகிறதா? அப்படியானால் சிப்பாயால் வெட்டுங்கள். யானைகள் அங்கே வர நேரம் ஆகும், பி7 பலவீனமாக இருக்கிறது என்றால் பிஷப்பால் வெட்டலாம். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். கறுப்பின் சி7 நோயாளி மாதிரி படுத்துக்கிடப்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம்.

ராணி பக்கம் சிப்பாய்களை ஓட்டுகிறார்களே, அதன் நோக்கம் என்ன?

ஜி2 பிஷப்புக்கு வழி திறப்பதுதான். 1.சி4 இ5 2.குதிரை சி3 குதிரை சி6 3.ஜி3 ஜி6 4.பிஷப் ஜி2 பிஷப் ஜி7 5.டி3 டி6 என்று மூடிய நிலை வந்தால், 6.யானை பி1 ஆடுகிறோம். அடுத்து பி4, பி5. சி6 குதிரை ஓட வேண்டும். அது நகர்ந்ததும் பிஷப்பின் பார்வை ஜி2-லிருந்து பி7 வரை நீண்டுவிடுகிறது. கறுப்பு ஏ5 ஆடித் தடுத்தால், ஏ3 ஆடிவிட்டு பி4. ஏ சிப்பாய்கள் மாறிக்கொள்ளும். அடுத்த குறி சி5: இ5 சிப்பாயைத் தாங்கி நிற்கும் டி6-ஐ இடித்தால் மேலே உள்ளதும் ஆடும்.

கறுப்பு சும்மா இருக்காது. எஃப்5, எஃப்4, ஜி5 என்று உங்கள் ராஜாவை நோக்கி வரும். இது பந்தயம். பலர் இதில் வெள்ளைக்கே சாதகம் என்கிறார்கள். நிலையாகப் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் நீங்கள் தோற்றால் ஒரு சிப்பாய் போகும் என்பது இல்லை, ராஜாவே போய்விடும். ஒரு தொடரில் நான் இந்தத் திட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடினேன். பி4, பி5, யானை ஏழாவது கிடைவரிசை வரை. எதிராளியின் ராணி எச்5-க்கும் குதிரை ஜி4-க்கும் வந்ததைப் பார்த்தேன், ஆனால் 'இன்னும் ஒரு நகர்த்தல் இருக்கிறது' என்று நினைத்தேன். பி7 சிப்பாயை வெட்டி, மணியை அழுத்தி, நகர்த்தலை எழுதக் குனிந்தேன். நிமிர்ந்தபோது எச்2-ல் ராணி உட்கார்ந்திருந்தது. மேட். பி7 சிப்பாய் இன்னும் என் கையில் இருந்தது.

அந்தப் பந்தயத்தில் ராஜாவை எப்படிக் காப்பாற்றுவது?

ராஜா பக்கக் குதிரையை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. எஃப்3-ல் வைத்தால் டி4, இ5 கட்டங்களைப் பார்க்கும், ஆனால் உங்கள் பிஷப்பின் முகத்துக்கு எதிரே நிற்கும். கறுப்பு இ4 ஆடி அதை விரட்டவும் செய்யலாம். இ3 ஆடிவிட்டு இ2-ல் வைத்தால் பிஷப்பின் வழி திறந்தே இருக்கும், டி4 தள்ளுவதற்கும் ஆதரவு, எஃப்4-க்குக் கறுப்புச் சிப்பாய் வருவதும் கஷ்டம். கறுப்பு எஃப்5 ஆடிவிட்ட நிலையில் எனக்கு இ2 குதிரைதான் நிம்மதி. கறுப்பு இ4 வரை வந்துவிட்டால் டி3, எஃப்3 கட்டங்கள் ஓட்டையாகும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

கறுப்பு பிஷப் இ6, ராணி டி7, பிஷப் எச்3 என்று வந்து என் ஜி2 பிஷப்பை மாற்றிக்கொள்ளப் பார்க்கிறதே?

நீங்கள் காஸ்லிங் போட்டிருந்தால் முன்கூட்டியே யானை இ1 ஆடி வைத்திருங்கள். பிஷப் எச்3 வந்ததும் உங்கள் பிஷப் எச்1-க்கு ஒதுங்கிவிடும். காஸ்லிங் போடவில்லை என்றால் கவனம்: எச்3-ல் மாறிக்கொண்ட பிறகு கறுப்பு ராணி அங்கிருந்து எஃப்1-ஐப் பார்க்கும், ராஜா பக்கம் காஸ்லிங் போட முடியாது.

குதிரை எஃப்3-ல் இருக்கும்போது இ4 வந்தால் பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், மரியாதை வேண்டும். 1987-இல் செவில் நகரில் காஸ்பரோவ், கார்ப்போவ் மோதிய உலகப் பட்டப் போட்டியின் இரண்டாவது ஆட்டமே இதற்குப் பாடம். 1.சி4 குதிரை எஃப்6 2.குதிரை சி3 இ5 3.குதிரை எஃப்3 குதிரை சி6 4.ஜி3 பிஷப் பி4 5.பிஷப் ஜி2 காஸ்லிங் 6.காஸ்லிங் இ4 7.குதிரை ஜி5. கறுப்பு சி3-ல் வெட்டிவிட்டு யானையை இ8-க்குக் கொண்டுவந்தது. காஸ்பரோவ் எஃப்3 ஆடி இ4 சிப்பாயை உடைக்கப் பார்த்தார். கார்ப்போவ் அதை மாற்றிக்கொள்ளாமல் இ3 என்று ஓரடி முன்னே தள்ளினார். சிப்பாயைக் கொடுக்கிற நகர்த்தல். ஆனால் டி2 சிப்பாயின் வாசலில் ஆப்பு அடித்த மாதிரி. கார்ப்போவ் வென்றார். நாலாவது ஆட்டத்தில் இதே வழியில் திரும்பப் போய் காஸ்பரோவ் வென்றது வேறு விஷயம்.

1...சி5 ஆடி எதிராளி நான் செய்வதையே செய்தால்?

கண்ணாடி முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரு கட்டத்தில் யாரோ ஒருவர் முதலில் கையை நீட்டியாக வேண்டும், அது நீங்கள்தான். 1.சி4 சி5 2.குதிரை சி3 குதிரை சி6 3.ஜி3 ஜி6 4.பிஷப் ஜி2 பிஷப் ஜி7 5.ஏ3 ஏ6 6.யானை பி1 யானை பி8 7.பி4, சிப்பாய்கள் மாறி, 8...பி5 9.சிப்பாய் பி5-ல் வெட்டு, மறுவெட்டு. இன்னும் கண்ணாடிதான். 10.குதிரை எஃப்3 டி5 11.டி4 குதிரை எஃப்6 12.பிஷப் எஃப்4. கண்ணாடி இங்கே உடைகிறது: எஃப்4 பிஷப் நேரே பி8 யானையைப் பார்க்கிறது, கறுப்பு யானையை நகர்த்தியாக வேண்டும். முதல் நகர்த்தலின் லாபம் பன்னிரண்டாவது நகர்த்தலில் கைக்கு வருகிறது.

இன்னொரு வழி சீக்கிரமே டி4 ஆடி மையத்தைத் திறப்பது. அப்போது கறுப்பு ஏ6, பி6, டி6, இ6 என்று சிப்பாய்களைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது கிடைவரிசையில் நிறுத்தி முள்ளம்பன்றியாகச் சுருண்டுகொள்ளலாம். தூங்குகிற மாதிரி தெரியும். பி5 அல்லது டி5 என்று ஒரு நாள் வெடிக்கும். அவசரப்பட்டுக் குத்தினால் நமக்குத்தான் முள் ஏறும்.

போட்வின்னிக் அமைப்பில் டி4 கட்டம் ஓட்டையாகிவிடுகிறதே, அது தவறில்லையா?

சி4, டி3, இ4 என்று சிப்பாய்கள், ஜி2-ல் பிஷப், குதிரைகள் சி3-லும் இ2-லும். டி5-ஐ இரும்புப் பிடியாகப் பிடித்துவிட்டு டி4-ஐத் திறந்துவிடுகிறோம். கறுப்புக் குதிரை டி4-க்கு வரும், வரட்டும். பிஷப் இ3 ஆடி அதை மாற்றிக்கொண்டால், திருப்பி வெட்டுவது பெரும்பாலும் ஒரு சிப்பாயாக இருக்கும். டி4-ல் சிப்பாய் நின்றுவிட்டால் கறுப்பின் ஜி7 பிஷப் தன் சிப்பாயின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் ஜி7-ல் பிஷப் வைத்த எதிராளிக்கு எதிராக இந்த அமைப்பு நன்றாக வேலை செய்யும். ஆனால் உங்கள் ஜி2 பிஷப்புக்கும் இ4 சிப்பாய் மறைப்புதான். எஃப்4 ஆடி வழியை உண்டாக்க வேண்டும்.

1.சி4 ஆடிவிட்டு வேறு ஓப்பனிங்குக்கு மாறுவது ஏன்?

எதிராளிக்குப் பிடித்த வழியைத் தவிர்க்க. கிரன்ஃபெல்டு (ஜி6 ஆடிவிட்டு டி5 தள்ளும் கறுப்பின் ஓப்பனிங்) ஆடுபவரிடம் 1.சி4 குதிரை எஃப்6 2.குதிரை சி3 ஜி6 3.இ4 ஆடினால் டி5 கதவு அடைபடும், அவர் டி5-க்குப் பதிலாக டி6 ஆடும் கிங்ஸ் இந்தியனுக்குப் போக வேண்டியிருக்கும். அதுவே அவர் 2...டி5 என்று உடனே ஆடினால் வேறு கதை. பாபி ஃபிஷர் 1972-இல் ரேக்யவிக்கில் ஸ்பாஸ்கியுடன் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் 1.சி4 ஆடியபோது அரங்கமே ஆச்சரியப்பட்டது, அவர் கிட்டத்தட்ட எப்போதும் 1.இ4 ஆடுகிறவர். மூன்றே நகர்த்தலில் அது குவீன்ஸ் காம்பிட்டாக (வெள்ளை டி4, சி4; கறுப்பு டி5) மாறிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் தோற்ற ஸ்பாஸ்கியே கை தட்டினார்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மாறிப்போகிற இடமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டி4 ஓப்பனிங்குகளே வேண்டாம் என்பவர் 1.சி4 இ6 2.குதிரை எஃப்3 டி5 வந்ததும் டி4 தள்ளாமல் ஜி3, பி3 என்று தனியாக ஆடப் பழக வேண்டும்.

ரேட்டியில் கறுப்பு டி5, டி4 என்று தள்ளிக்கொண்டே வந்தால்?

1.குதிரை எஃப்3 டி5 2.சி4 டி4. கறுப்பு இடம் பிடித்துவிட்டது, டி4 சிப்பாய் உங்கள் சி3 குதிரையின் இடத்தையே பறித்துவிட்டது. அதை எங்கிருந்து தாக்குவது? இ3 ஆடி நேராக, அல்லது பி4 ஆடிப் பக்கத்திலிருந்து. 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 11-வது ஆட்டத்தில் குகேஷ், டிங் லிரனுக்கு எதிராக 3.பி4 ஆடினார்.

அந்தச் சிப்பாயை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பி4, பத்தாவது நகர்த்தலில் பி5, பதினேழாவதில் பி6. அங்கே அதைக் கறுப்பு ராணி ஒரு வழியாக வெட்டியது. வெட்டியதும் பி வரிசை திறந்தது, வெள்ளையின் இரண்டு யானைகளும் பி7-ஐக் குறிவைத்து வந்து நின்றன. ராணி இ4-ல், அதன் பின்னால் ஜி2-ல் பிஷப். டிங் 28-வது நகர்த்தலில் ராணியை சி8-க்குக் கொண்டுபோனதும், குகேஷ் 29.ராணியால் சி6 குதிரையை வெட்டினார். பி7 சிப்பாய் ராணியை வெட்டினால் பி வரிசை முழுதாகத் திறந்து, பி8 யானையும் அதன் பின்னால் ராணியும் போகும். கடைசிக் கணக்கில் கறுப்புக்கு ஒரு குதிரை குறையும். அங்கேயே ஆட்டம் முடிந்தது. மூன்றாவது நகர்த்தலில் போட்ட விதை. அதற்கு அடுத்த ஆட்டத்தில் டிங் 1.சி4 ஆடித் திருப்பி வென்றார். 14-வது, கடைசி ஆட்டமும் 1.குதிரை எஃப்3-ல் தொடங்கியதுதான்.

மெதுவான ஓப்பனிங் என்பதால் ஆபத்து குறைவுதானே?

1970 பெல்கிரேடில் சோவியத் அணியும் உலக அணியும் மோதியபோது, உலக அணியின் முதல் பலகையில் ஆடிய லார்சன் 1.பி3 ஆடினார். ஸ்பாஸ்கி 1...இ5 ஆடி, பிறகு இ4 தள்ளி, லார்சனின் எஃப்3 குதிரையை டி4-க்கு விரட்டினார். லார்சன் அதே குதிரையை மூன்றாவது முறையாக நகர்த்தி சி6-ல் மாற்றிக்கொண்டார், அப்புறம் எஃப்4 ஆடினார். ராஜா இன்னும் நடுவிலேயே இருந்தது. ஸ்பாஸ்கி எச் சிப்பாயை ஓட்டி, 14-வது நகர்த்தலில் யானையை எச்1-ல் பலி கொடுத்தார். 17 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. மெதுவாகத் தொடங்கலாம், காய்களை வெளியே எடுப்பதை மட்டும் மெதுவாகச் செய்யக்கூடாது.

ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டத்தில் இது உதவுமா?

அப்போதுதான் அதிகம் உதவும். செவில் போட்டியின் 24-வது, கடைசி ஆட்டம். காஸ்பரோவ் 11-12 என்று பின்தங்கியிருந்தார். ஜெயித்தால் சமன், பட்டம் அவரிடமே தங்கும். டிரா என்றாலே பட்டம் போய்விடும். இப்படிப்பட்ட நேரத்தில் கூர்மையான வழியில் பாய்வார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவர் 1.சி4, குதிரை எஃப்3, ஜி3, பி3 என்று அமைதியாக ஆடினார். ஆரம்பத்தில் காய்கள் மாறவில்லை, எதுவும் தீரவில்லை. டிரா போதும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இப்படி முடிவில்லாமல் நீளும் அமுக்கம்தான். 64 நகர்த்தலில் காஸ்பரோவ் வென்றார்.

புதிதாகக் கற்பவர்கள் இதை ஆடலாமா?

ஆடலாம், ஆனால் முதல் ஓப்பனிங்காக வேண்டாம் என்பது என் கருத்து. 1.இ4 ஆடிச் சில நூறு ஆட்டங்களில் அடி வாங்கி, அடி கொடுத்து, திறந்த மையம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு இங்கே வாருங்கள். மையத்தில் நிற்பது என்னவென்றே தெரியாமல் தூரத்திலிருந்து தாக்குவது எப்படிப் புரியும்? அப்புறம், எதிராளி என்ன ஆடினாலும் ஒரே எட்டு நகர்த்தல்களை அடுக்கிவைக்கிற பழக்கம் இந்த ஓப்பனிங்கில் சீக்கிரம் தொற்றிக்கொள்ளும். தொற்றினால் பல வருடங்களுக்கு வளர்ச்சி நின்றுபோகும்.

1.சி4, 1.குதிரை எஃப்3, எதில் தொடங்குவது?

1...இ5 வருவது உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1.சி4 அதை அனுமதிக்கிறது. தலைகீழ் சிசிலியன் பிடித்தால் அதுவே சரி. 1.குதிரை எஃப்3 அதைத் தடுக்கிறது. ஆனால் எஃப் சிப்பாயின் வழியைக் குதிரை அடைத்துவிடும், போட்வின்னிக் அமைப்பில் எஃப்4 தள்ளுவதும், குதிரையை இ2-ல் வைப்பதும் உங்கள் கையை விட்டுப் போய்விடும். நான் 1.சி4 ஆடுகிறேன், இ5 வந்தால் சந்தோஷப்படுகிறேன்.